சீனாவும் ஆப்பிரிக்காவும்: கடன், ரயில், தாமிரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனா ஆப்பிரிக்காவில் என்ன செய்கிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள்தான் காதில் விழுகின்றன. ஒன்று, ‘கடன் கொடுத்து நாட்டையே எழுதி வாங்குகிறார்கள்’. இன்னொன்று, ‘வெள்ளைக்காரன் நூறு வருஷத்தில் செய்யாததை இவர்கள் இருபது வருஷத்தில் செய்துவிட்டார்கள்’. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதியைப் பெரும்பாலும் ஒப்பந்தத் தாள்களில்தான் தேட வேண்டும். அவை படிக்கச் சலிப்பானவை, அதனால் யாரும் படிப்பதில்லை. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த நெருக்கம் எப்போது தொடங்கியது?

ஒரு ரயில் பாதையில் தொடங்கியது என்று சொல்லலாம். ஜாம்பியா 1964இல் விடுதலை பெற்றது. நிலத்தடியில் தாமிரம் கொட்டிக் கிடந்தது, ஆனால் நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. தாமிரம் வெளியே போக வேண்டுமானால் தெற்கே ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாகப் போக வேண்டும். அங்கே 1965இல் இயன் ஸ்மித்தின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தது. கறுப்பின ஆட்சிகளுக்குப் பகையான ஓர் அரசின் கையில் நாட்டின் குரல்வளை சிக்கிக்கொண்டது.

ஜாம்பியாவின் கென்னத் கவுண்டாவும் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரேயும் கிழக்கே தார் எஸ் சலாம் துறைமுகம் வரை பாதை போட உதவி கேட்டார்கள். ‘லாபம் வராது’ என்று உலக வங்கியும் மேற்கு நாடுகளும் கைவிரித்தன. கடைசியில் சீனா முன்வந்தது. அப்போது சீனாவே பரம ஏழை என்பதை மறந்துவிடக் கூடாது. வட்டியில்லாக் கடன், ஏறக்குறைய 50,000 சீனத் தொழிலாளர்கள், 1970இல் தொடங்கி 1975இல் முடிந்த 1,860 கிலோமீட்டர் பாதை. அதுதான் டாசாரா. வேலையின்போது இறந்த சீனர்கள் அறுபதுக்கும் மேல். தார் எஸ் சலாம் அருகே அவர்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தான்சானியாவுக்கு வரும் சீனத் தலைவர்கள் அங்கே போய் மலர் வைப்பது வழக்கம்.

இதற்குப் பலனும் கிடைத்தது. 1971 அக்டோபரில் ஐ.நா.வில் தைவானை நீக்கி அந்த இடத்தை பெய்ஜிங்குக்குக் கொடுக்கும் தீர்மானம் 76க்கு 35 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆதரித்தவற்றில் 26 வாக்குகள் ஆப்பிரிக்க நாடுகளுடையவை.

ரயில் என்ன ஆனது? வருஷத்துக்கு 20 லட்சம் டன் சுமக்கக் கட்டிய பாதை பிற்காலத்தில் அதில் சிறு பங்கைத்தான் சுமந்தது. பராமரிப்புக்குப் பணம் இல்லை, இஞ்சின்கள் போதவில்லை. கட்டிக் கொடுப்பவர் போன பிறகு யார் ஓட்டுவது என்ற கேள்வி அன்றே எழுந்தது. இன்றும் அது தீர்ந்தபாடில்லை.

இன்று சீனாவின் பங்கு எவ்வளவு பெரியது?

2009இலிருந்து ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளி சீனாதான். 2024இல் இரு தரப்பு வர்த்தகம் 29,500 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் அதே வருஷம் சீனா விற்றது, வாங்கியதைவிட 6,000 கோடி டாலருக்கு மேல் அதிகம். போவது தாமிரம், கோபால்ட், கச்சா எண்ணெய். வருவது போன், டிராக்டர், சோலார் பேனல், பிளாஸ்டிக் வாளி. காலனிக் காலத்து வியாபாரமும் இதே வடிவத்தில்தான் நடந்தது. இதை ஆப்பிரிக்கத் தலைவர்களே பெய்ஜிங்கில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

2000இலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சீன-ஆப்பிரிக்க ஒத்துழைப்பு மன்றம் கூடுகிறது. 2024 பெய்ஜிங் கூட்டத்தில் மூன்று வருஷங்களுக்கு சீன நாணயத்தில் 36,000 கோடி யுவான், அதாவது சுமார் 5,000 கோடி டாலர் தருவதாக ஷி ஜின்பிங் அறிவித்தார். தொகை டாலரில் இல்லாமல் யுவானில் அறிவிக்கப்பட்டது கவனிக்க வேண்டிய விஷயம்.

சீனாவுக்கு அங்கே என்ன வேலை?

கனிமம், சந்தை, வாக்கு. மூன்றாவதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஐ.நா.வில் ஆப்பிரிக்காவுக்கு 54 வாக்குகள். அவற்றில் 53 நாடுகள் பெய்ஜிங்கோடு தூதரக உறவு வைத்திருக்கின்றன. தைவானோடு நிற்பது எஸ்வாத்தினி ஒன்றுதான். 1991இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் சீன வெளியுறவு அமைச்சரின் முதல் வெளிநாட்டுப் பயணம் ஆப்பிரிக்காவுக்குத்தான். நடுவில் எத்தனையோ அமைச்சர்கள் மாறினார்கள், இந்தப் பழக்கம் மாறவில்லை.

இதோடு உள்நாட்டுக் காரணமும் உண்டு. சீனாவில் சிமெண்ட், எஃகு, கட்டுமானக் கம்பெனிகள் எல்லாமே தேவைக்கு மேல். அவற்றுக்கு எங்கேயாவது வேலை வேண்டும்.

கடன் எப்படிக் கொடுக்கிறார்கள்?

பழைய மாதிரியை அங்கோலாவில் பார்க்கலாம். 2002இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது பாலம் இல்லை, ரயில் இல்லை, மேற்கத்திய நிதி அமைப்புகளோடு பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. 2004இல் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி 200 கோடி டாலர் கொடுத்தது. ஈடு, எண்ணெய். கடன் பணம் பெரும்பாலும் அங்கோலாவின் கைக்கு வரவே வராது. வங்கி நேராகச் சீன ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துவிடும், அங்கோலா எண்ணெய் விற்ற காசு கடனை அடைக்கும். எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தவரை இது எல்லோருக்கும் பிடித்திருந்தது. 2014இல் விலை சரிந்ததும் அதே தவணைக்கு அதிகப் பீப்பாய் எண்ணெய் தேவைப்பட்டது.

மொத்தக் கணக்கு இது: 2000 முதல் 2023 வரை சீனா ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்த கடன் சுமார் 18,200 கோடி டாலர். 2016இல் மட்டும் 2,800 கோடிக்கு மேல். 2022இல் அது 100 கோடி அளவுக்கு இறங்கி, அடுத்த வருஷம் 460 கோடியாக ஏறியது. ‘சீனா பணத்தைக் கொட்டுகிறது’ என்று இன்றும் எழுதுகிறவர்கள் பத்து வருஷம் பழைய கணக்கை வைத்திருக்கிறார்கள்.

கென்யா ரயிலைப் பற்றி நிறையக் கேள்விப்படுகிறோம். அது வெற்றியா, தோல்வியா?

ஏறிப் பார்த்தால் ஒன்று தோன்றும், கணக்குப் பார்த்தால் வேறு தோன்றும்.

மொம்பாசா-நைரோபி பாதை, 472 கிலோமீட்டர், 2017 மே 31 அன்று தொடங்கியது. நைரோபி நிலையம் ஊருக்குள் இல்லை, சியோகிமாவில் இருக்கிறது. அங்கே போனதும் முதலில் நாய்ப் பரிசோதனை. பயணிகள் எல்லோரும் பெட்டிகளைத் தரையில் ஒரே வரிசையாக வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். போலீஸ் நாய் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மோந்துகொண்டே போகும். அப்புறம்தான் ஸ்கேனர், டிக்கெட், பிளாட்பாரம். வண்டி நேரத்துக்குக் கிளம்பும், சாவோ காட்டுக்குள் உயர்த்திய மேட்டின்மேல் ஓடும், ஜன்னலில் யானை தெரிந்தால் பெட்டி முழுக்க ஒரு பக்கம் சாயும். ஏறக்குறைய ஐந்தாறு மணி நேரத்தில் மொம்பாசா. அங்கேயும் நிலையம் ஊருக்கு வெளியே மிரிட்டினியில்தான். கடற்கரைக்குப் போக மடாட்டு பிடிக்க வேண்டும். மடாட்டு என்றால் நம்ம ஊர் ஷேர் வேன் மாதிரி, ஆனால் பாட்டுச் சத்தம் இன்னும் கூடுதல்.

பயணிகளுக்குப் பிடித்த ரயில் இது. ஆனால் பயணிகள் கட்டணத்தில் இவ்வளவு பெரிய கடனை அடைக்க முடியாது, சரக்கு வர வேண்டும். சீன எக்ஸிம் வங்கி கொடுத்தது சுமார் 320 கோடி டாலர். பாதி, 2 சதவீத நிலையான வட்டிக்கு. மறுபாதி, லண்டன் வங்கிகளுக்கிடையிலான வட்டி விகிதத்தோடு 3.6 சதவீதம் சேர்த்து. அந்த லண்டன் விகிதம் ஏறினால் கென்யாவின் தவணையும் ஏறும், ஏறவும் செய்தது. சரக்கைச் சேர்க்க அரசு என்ன செய்தது? துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்கள் ரயிலில்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. லாரி ஓட்டிகளும் கிடங்குக்காரர்களும் மொம்பாசா தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2022இல் வில்லியம் ரூட்டோ அதிபரானதும் அந்தக் கட்டாயத்தை நீக்கினார். பத்தாததற்கு இறக்குமதிப் பொருள்கள்மேல் 2013இலிருந்தே ரயில்வே வரி வேறு. ரயிலில் ஒருமுறைகூட ஏறாத ஆளும் கடையில் சாமான் வாங்கும்போது அதற்குப் பணம் கட்டுகிறார்.

உகாண்டா வரை போக வேண்டிய பாதை 2019இல் நைரோபிக்கு மேற்கே 120 கிலோமீட்டரில் சுஸ்வா அருகே நின்றுவிட்டது. அடுத்த கட்டத்துக்குச் சீனா உடனே பணம் தரவில்லை. தண்டவாளம் முடியும் இடத்தில் மேய்ச்சல் நிலம்.

இதற்கு முந்தைய கதை ஒன்று நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. 1896இலிருந்து 1901 வரை இதே மொம்பாசாவிலிருந்து பிரிட்டிஷார் ஒரு ரயில் பாதை போட்டார்கள். அதைக் கட்டியது இந்தியாவிலிருந்து கொண்டுபோன 30,000க்கு மேற்பட்ட தொழிலாளர்கள். இறந்தவர்கள் சுமார் 2,500 பேர். அந்தப் பாதைக்கும் ‘வீண் செலவு’ என்றுதான் லண்டனில் பெயர் இருந்தது.

‘கடன் பொறி’ என்பது உண்மையா? சீனா கந்துவட்டிக்காரனா?

கந்துவட்டிக்காரன் என்றால் வீட்டுப் பத்திரத்தில் கண் வைத்தே கடன் கொடுப்பவன். சீனா அப்படிச் செய்ததற்கு எல்லோரும் காட்டும் சாட்சி ஆப்பிரிக்காவில் இல்லை, இலங்கையின் அம்பாந்தோட்டையில் இருக்கிறது. அங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துறைமுகம் வேண்டும் என்று கேட்டது இலங்கை அரசு. முதல் கடன் 30.7 கோடி டாலர், வட்டி 6.3 சதவீதம். கப்பல் போதுமான அளவு வரவில்லை. 2017இல் ஒரு சீன அரசு நிறுவனத்துக்கு 99 வருஷக் குத்தகை, 112 கோடி டாலர். அந்தப் பணத்தில் துறைமுகக் கடன் தள்ளுபடி ஆகவில்லை. பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, கடன் அப்படியே இருந்தது. 2022இல் இலங்கை திவாலானபோது சர்வதேசக் கடன் பத்திரச் சந்தைக்குக் கொடுக்க வேண்டியது மட்டும் சுமார் 1,250 கோடி டாலர். வெளிக்கடனில் சீனாவின் பங்கு ஐந்தில் ஒன்று அளவு. ஆக, ‘கடனுக்குத் துறைமுகத்தைப் பிடுங்கினார்கள்’ என்ற கதை நிற்கவில்லை. ஆனால் லாபம் வராத துறைமுகத்துக்கு அந்த வட்டியில் கடன் கொடுத்ததும் வாங்கியதும் நடந்ததுதான்.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது: ரகசியம். 2021இல் ஆய்வாளர்கள் 24 நாடுகள் சீனாவோடு போட்ட 100 ஒப்பந்தங்களை எடுத்துப் படித்தார்கள். அண்மைக் கால ஒப்பந்தங்களில் வெளியே சொல்லக் கூடாது என்ற ஷரத்து கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருந்தது. பலவற்றில், வருமானத்தைத் தனிக் கணக்கில் போட்டு வங்கியின் பார்வையில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. கென்யா ரயில் ஒப்பந்தத்தின் சில பக்கங்கள் 2022இல் வெளியானபோது, தகராறு வந்தால் பெய்ஜிங்கில்தான் தீர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது தெரியவந்தது.

இந்த ரகசியத்துக்கு ஜாம்பியா கொடுத்த விலை பெரியது. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் நாடு திவாலானது. தவணையைத் தள்ளிப்போடச் சொன்னபோது ஜாம்பியாவின் கடன் பத்திரங்களை வாங்கியிருந்த மேற்கத்திய முதலீட்டாளர்கள் மறுத்தார்கள். ‘நாங்கள் விட்டுக்கொடுக்கும் காசு சீன வங்கிக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அங்கே எவ்வளவு கடன் என்றே தெரியவில்லையே’ என்பது அவர்கள் வாதம். பழைய அரசு சீனக் கடன் 340 கோடி டாலர் என்று சொல்லிவந்தது. ஆட்சி மாறிய பிறகு ஆய்வாளர்கள் போட்ட கணக்கில் அது 660 கோடி அளவுக்கு வந்தது. கடன் கொடுத்த அரசுகள் 630 கோடி டாலரைத் திருத்தி அமைக்க ஒப்புக்கொண்டது 2023 ஜூனில். அதில் 410 கோடி சீனாவுடையது. இரண்டரை வருஷம் இழுபறி. அவ்வளவு காலமும் ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் மருந்துக்கும் பள்ளிக்கும் பணம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்கா சும்மாவா இருந்தது?

ரொம்ப காலம் சும்மாதான் இருந்தது. 2016இல் காங்கோவின் டென்கே ஃபுங்குருமே என்ற பிரம்மாண்டத் தாமிர-கோபால்ட் சுரங்கத்தில் தன் பங்கை ஓர் அமெரிக்க நிறுவனம் 265 கோடி டாலருக்கு சீனாவின் சிமோக் கம்பெனிக்கு விற்றது. வாஷிங்டனில் அன்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மின்சார கார் பேட்டரிக்குக் கோபால்ட் வேண்டும், உலகக் கோபால்ட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் காங்கோவிலிருந்து வருகிறது, அதைச் சுத்திகரிப்பது பெரும்பாலும் சீனா என்பதெல்லாம் உறைத்தபோது நேரமாகிவிட்டது.

அதன் பிறகு கையில் எடுத்ததுதான் லோபிட்டோ வழித்தடம். காங்கோ தாமிரத்தை மேற்கே அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் ரயில். அமெரிக்க அரசு நிதி நிறுவனம் 55.3 கோடி டாலர் கடன் ஒதுக்கியது. 2024 டிசம்பரில் ஜோ பைடனே அங்கோலாவுக்குப் போய் வந்தார். இதில் ஒரு வேடிக்கை. அங்கோலாவுக்குள் போகும் அந்த 1,300 கிலோமீட்டர் பாதை போரில் நாசமான பிறகு அதைத் திரும்பக் கட்டியது சீனக் கம்பெனி, எண்ணெய்க் கடனில். 2022இல் நடத்தும் உரிமை ஓர் ஐரோப்பியக் கூட்டு நிறுவனத்துக்குப் போனது. சீனா போட்ட தண்டவாளத்தில் சீனாவுக்குப் போட்டியாக அமெரிக்கா ரயில் விடப் பணம் கொடுக்கிறது.

இரண்டு பேர் போட்டி போட்டால் ஆப்பிரிக்காவுக்கு லாபம்தானே?

ஏலத்தில் இரண்டு பேர் இருந்தால் விலை ஏறும். சில நாடுகள் இதை நன்றாகவே பயன்படுத்துகின்றன. ஜிபூட்டி ஒரே சின்னக் கடற்கரையில் அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், இத்தாலி ஆகியவற்றின் ராணுவத் தளங்களுக்கு இடம் கொடுத்துவிட்டு, 2017இல் சீனாவுக்கும் இடம் கொடுத்தது. எல்லோரிடமும் வாடகை. காங்கோ 2008இல் சீனக் கம்பெனிகளோடு போட்ட சிக்கோமின் சுரங்க ஒப்பந்தத்தை 2024இல் மறுபடி பேசி, சாலை முதலான கட்டுமானத்துக்குத் தர வேண்டிய தொகையை 300 கோடியிலிருந்து 700 கோடி டாலராக உயர்த்திக்கொண்டது. 2025 பிப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்திவைத்தது, விலை ஏறியது. கென்யா 2025இல் ரயில் கடனை டாலரிலிருந்து யுவானுக்கு மாற்றியது. வருஷத்துக்கு 21.5 கோடி டாலர் மிச்சம் என்பது அரசு சொல்லும் கணக்கு.

ஆனால் ஏலம் விட உங்களிடம் சரக்கு இருக்க வேண்டும். லெசோத்தோவிடம் கோபால்ட் இல்லை, துறைமுகம் இல்லை. இருப்பது அமெரிக்காவுக்கு ஜீன்ஸ் தைத்து அனுப்பும் ஆலைகள். 2025 ஏப்ரலில் டிரம்ப் அந்த நாட்டின்மேல் 50 சதவீத வரி அறிவித்தார். பிறகு 15 ஆகக் குறைந்தது. அதற்குள் ஆர்டர்கள் போய், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அதே நேரம் சீனா வரியே வேண்டாம் என்றதே?

ஆமாம். 2025 ஜூனில், உறவு வைத்திருக்கும் 53 நாடுகளுக்கும் பூஜ்ய வரி என்று அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் தாமிரத்துக்கும் எண்ணெய்க்கும் முன்பே பெரிய வரி கிடையாது. கென்யாவின் அவகாடோ மாதிரிப் பொருள்களுக்குத் தடையாக இருப்பது வரி மட்டும் அல்ல, பூச்சி, நோய் தொடர்பான சீனச் சோதனை விதிகளும்தான்.

சாதாரண மக்கள் சீனாவை எப்படிப் பார்க்கிறார்கள்?

2019 முதல் 2021 வரை 34 நாடுகளில் நடந்த கருத்துக் கணிப்பில் சீனாவின் செல்வாக்கு நல்லது என்றவர்கள் 63 சதவீதம், அமெரிக்காவுக்கு 60. ‘இரண்டும் வரட்டுமே’ என்பதுதான் பொது மனநிலை.

சட்டைப் பையிலேயே ஒரு காரணம் இருக்கிறது: டெக்னோ போன். ஷென்சென் நகரத்து டிரான்சன் கம்பெனியின் தயாரிப்பு இது. சீனாவில் அவ்வளவாக விற்பதில்லை, ஆப்பிரிக்காவில் சக்கைப்போடு போடுகிறது. ஒரே சிம் கம்பெனிக்குள் பேசினால் மலிவு என்பதால் ஆளுக்கு மூன்று நான்கு சிம் வைத்திருந்தார்கள், இவர்கள் பல சிம் போடும் போன் கொடுத்தார்கள். கறுப்பு முகம் இருட்டில் தெளிவாக விழும்படி கேமராவைத் திருத்தினார்கள். வேறு யாரும் அந்த முகங்களை அவ்வளவு அக்கறையாகப் பார்க்கவில்லை.

கசப்பும் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனா பயத்தில் குவாங்ஜோவில் ஆப்பிரிக்கர்களை வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள், தெருவில் படுத்திருந்தவர்களின் வீடியோ கண்டம் முழுக்கப் பரவியது. 2025 பிப்ரவரியில் ஜாம்பியாவின் சம்பிஷி அருகே ஒரு சீனத் தாமிரச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து, அமிலத் தண்ணீர் கஃபுவே ஆற்றின் கிளைக்குள் பாய்ந்தது. மீன்கள் செத்து மிதந்தன. பக்கத்து ஊரான கிட்வேயில் குழாய்த் தண்ணீரை நிறுத்தினார்கள்.

இந்தியா எங்கே நிற்கிறது?

அளவில் பின்னால். ஆனால் 2023 டெல்லி ஜி20 மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியத்தை நிரந்தர உறுப்பினராக்கியது நல்ல காரியம். இந்திய-ஆப்பிரிக்க உச்சி மாநாடு 2008, 2011, 2015இல் நடந்தது. அடுத்தது பத்து வருஷமாகத் தள்ளிப்போனது. சீனாவின் மாநாடு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் நடக்கிறது. வித்தியாசத்தைச் சொல்ல இது போதும்.

டாசாரா இப்போது எப்படி இருக்கிறது?

2025இல் ஒரு சீன அரசுக் கம்பெனி அதைச் சீரமைத்து 30 வருஷம் நடத்த ஒப்பந்தம் போட்டது, சுமார் 140 கோடி டாலர். இந்தமுறை வட்டியில்லாக் கடன் பேச்சே இல்லை. முதலீடு போட்டு, சரக்குக் கட்டணத்தில் திரும்ப எடுக்கிற சாதா வியாபாரம். ஆக ஒரே தாமிரத்துக்கு மேற்கே ஒரு ரயில், கிழக்கே ஒரு ரயில்.

இரண்டும் முழுவேகத்தில் ஓடும்வரை தாமிரத்தில் பெரும்பங்கு லாரியில்தான் போகிறது. காங்கோவுக்கும் ஜாம்பியாவுக்கும் நடுவே கசும்பலேசா என்று ஓர் எல்லைச் சாவடி. வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீளும், சில சமயம் நாள் கணக்கில் நகராது. டிரைவர்கள் லாரிக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டி, சோள மாவைக் களியாகக் கிண்டிக்கொண்டு, முத்திரை விழும்வரை காத்திருக்கிறார்கள்.